பாதியாக்கு, மைனஸ் போடு

கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும்: இந்தத் தொழிலில் தப்பு எப்போதும் எதிரில் இருப்பவரின் தாளில்தான் இருக்கும், நம் கையில் இருப்பது சிவப்புப் பேனா. அந்தச் சுகத்தில் மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் ஓட்டினேன். கணவரின் கம்பெனி ஆள் குறைத்ததும் திண்டிவனத்துக்கே திரும்பி வந்தோம். நாற்பத்தேழு வயதில் எனக்குக் கிடைத்த வேலை, விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் டியூஷன் சென்டர்.

அங்கே படிக்க வருகிறவர்கள் யாரும் பிள்ளைகள் இல்லை. எப்போதோ பத்தாவதில் கணக்கில் மட்டும் விழுந்து, இப்போது தனித்தேர்வராக மறுபடி எழுதுகிறவர்கள். எல்லோருக்கும் வேலை, குடும்பம், முழங்கால் வலி எல்லாம் உண்டு. அவர்களுக்கு நான் இருபடிச் சார்பின் வரைபடம் சொல்லிக்கொடுத்த கதைதான் இது. உங்களில் யாராவது கரும்பலகை முன் நின்றவர்களாக இருந்தால், எங்கே நெளிவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சட்டியின் அடி

முதல் நாள் y = x² + x – 2 என்று எழுதிப்போட்டு, கிராஃப் வரையச் சொன்னேன். இங்கே எல்லோருக்கும் ஒரே பழக்கம். மைனஸ் நாலிலிருந்து பிளஸ் நாலு வரை x-க்கு ஒன்பது மதிப்பு, அட்டவணை, ஒன்பது புள்ளி, அதைச் சேர்த்தால் பரவளையம். இந்தக் கணக்கில் x மைனஸ் ஒன்றாக இருந்தாலும் சைபராக இருந்தாலும் y மைனஸ் இரண்டுதான் வரும். அடியில் இரண்டு புள்ளியும் ஒரே மட்டத்தில் நிற்கும். பத்து பேரில் எட்டு பேர் அந்த இரண்டையும் நேர்கோட்டால் இழுத்து முடித்திருந்தார்கள்.

அந்த எட்டில் ஒருவர் ஜெசிந்தா. கெடாரிலிருந்து வருவார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலர், வயது முப்பத்தொன்பது. பத்தாவது பாஸ் ஆகிவிட்டால் அதே பள்ளியில் காலியாகப் போகும் அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம். நாற்பது முடிந்துவிட்டால் போட முடியாது. அவர் தாளைப் பார்த்து, "வளைகோட்டோட அடி இப்படித் தட்டையா இருக்காதுங்க ஜெசிந்தா, இந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னும் கொஞ்சம் கீழ இறங்கி ஏறும்" என்றேன். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அடி தட்டையா இருந்தாத்தானே டீச்சர் சட்டி அடுப்புல நிக்கும்?"

ஸ்கேல் வைத்த யூசுஃப்

அடுத்த வாரம் வளைகோடு திரும்பும் இடமான முனையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எடுத்தேன். பரவளையம் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஒரே உயரத்தில் இரண்டு புள்ளி கிடைத்தால், அவற்றுக்குச் சரியாக நடுவில் முனை இருக்கும். மைனஸ் ஒன்றுக்கும் சைபருக்கும் நடுவே மைனஸ் அரை. அதை x-க்குப் போட்டால் y மைனஸ் இரண்டே கால். "அங்க ஒரு புள்ளி வைங்க, அதுதான் முனை" என்றேன். மஸ்கட்டில் இந்த இடத்தில் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். இங்கேயும் ஆட்டினார்கள்.

கோட்டக்குப்பத்துக்காரர் யூசுஃப் கடைசி பெஞ்சு. முப்பது வயது, டைல்ஸ் ஒட்டும் வேலை. அண்ணன் தம்பி எல்லாம் வளைகுடாவில். பத்தாவது பாஸ் ஆகாதவர் அங்கே வேலைக்குப் போக அரசாங்கத்தின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்று இவர் பாஸ்போர்ட்டில் ஒரு முட்டுக்கட்டை. நான் விட்டுவிட்டு வந்த ஊருக்குப் போகத்தான் அவர் என்னிடம் படித்தார் என்பதை இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. அவர் தாளில் பரவளையம் ஆப்பு அடித்தது மாதிரி கூராக இறங்கியிருந்தது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் ஸ்கேல் வைத்து இழுத்திருந்தார். கையால் வளைக்க வேண்டும் என்று நான் சொன்னபோதும் அவருக்கு மனசு வரவில்லை.

"கோணலா ஒட்டுனா மேஸ்திரி பேத்து எறிஞ்சுடுவாரு மேடம், எனக்குக் கை நேராத்தான் போவும்."

குணசேகர் சாரின் யோசனை

சென்டரை நடத்துகிறவர் குணசேகர் சார். அவர் வழி வேறு. கிராஃப் எட்டு மார்க், செய்முறை வடிவியல் எட்டு மார்க், இந்தப் பதினாறையும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டும். மீதியை ஒரு மார்க்கிலும் இரண்டு மார்க்கிலும் பொறுக்கிச் சேர்த்தால் முப்பத்தைந்து வந்துவிடும். ஒன்பது புள்ளி அட்டவணையை அவர் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். அதில் ஒரு புள்ளி தப்பானால் வளைகோட்டிலிருந்து தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அவர்களே பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

நான் முனை, சமச்சீர், நடுக்கோடு என்று மூன்று வாரமாக ஓட்டுவதைக் கவனித்துவிட்டு, ஒரு நாள் டீ வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது. புரியாமல் ஒன்பது புள்ளி வைப்பது படிப்பே இல்லை என்றேன். திண்டிவனத்தில் தமிழில் பத்தாவது வரை படித்து, அதன் பிறகு இங்கிலீஷில் எம்.எஸ்சி வரை போனவள் நான், இரண்டு கரையும் எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு ரெண்டு கரையும் தெரியும் மேடம், அவங்களுக்கு ஒரு பரிசல்தான் இருக்குது. அதுல ஏன் பேஜாரு?"

இருபத்து நான்கு மீட்டர் கம்பி

குணசேகர் சார் சொன்னது தப்பு என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஜெசிந்தா. அல்லது அப்படி நான் எடுத்துக்கொண்டேன். அவர்கள் பள்ளிக்கூடத்தில் சமையல்கட்டுக்குப் பின்னால் கீரைத் தோட்டம் போட முடிவானது. ஒரு பக்கம் மதில்சுவர், மீதி மூன்று பக்கத்துக்கும் கம்பிவேலி. கையில் இருந்தது இருபத்து நான்கு மீட்டர் கம்பி. பக்கத்துக்கு எட்டு என்று சதுரமாக அடிக்கச் சொல்லியிருந்தார் ஹெட்மாஸ்டர். ஜெசிந்தா கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். சுவரிலிருந்து வெளியே வரும் பக்கம் x என்றால், சுவருக்கு இணையான பக்கம் இருபத்து நான்கிலிருந்து இரண்டு x-ஐக் கழித்தது. பரப்பு 24x – 2x².

நான் சொல்லிக்கொடுத்த எந்தச் சூத்திரத்தையும் அவர் தொடவில்லை. "எக்ஸ் சைபர்னா தோட்டமே இல்ல டீச்சர். பன்னெண்டுன்னா கம்பி பூரா ரெண்டு பக்கத்துக்கே போயிடும், அப்பவும் தோட்டம் இல்ல. ரெண்டும் ஒரே மட்டம். அப்போ நடுவுல ஆறு" என்று விரலால் பெஞ்சில் கோடு போட்டுக் காட்டினார். ஆறுக்குப் பன்னிரண்டு, எழுபத்திரண்டு சதுர மீட்டர். எட்டுக்கு எட்டு என்றால் அறுபத்து நாலுதான். ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை டேப் வைத்து அளந்தாராம். என் வாழ்க்கையில் எந்த மாணவரும் முனையை இப்படிக் கையில் பிடித்துக் கொண்டுவந்து காட்டியதில்லை.

"கம்பி அதேதான் டீச்சர், கீரைப் பாத்தி மட்டும் ரெண்டு கூட."

என் சுருக்குவழி

அந்த மகிழ்ச்சியில்தான் கெடுத்தேன். இவ்வளவு புரிந்தவர் எதற்கு ஒன்பது புள்ளி வைத்து நேரத்தைக் கொல்ல வேண்டும்? "ஜெசிந்தா, நீங்க அட்டவணையை விடுங்க. முதல்ல முனை. அப்புறம் ஒரு பக்கம் ரெண்டு புள்ளி மட்டும் கணக்கு பண்ணுங்க. மறுபக்கம் கண்ணாடி மாதிரி அதேதான், கணக்கே வேண்டாம். அஞ்சு புள்ளில வேலை முடிஞ்சிடும்" என்றேன். ஒரே மட்டத்தில் இரண்டு புள்ளி தேடுவதும் வேண்டாம் என்று அதற்கும் ஒரு சூத்திரம் கொடுத்தேன்.

அந்தச் சூத்திரத்தை நான் படித்தது இங்கிலீஷில்: மைனஸ் b பை டூ a. வகுப்பில் x²-க்கு முன்னால் எப்போதும் ஒன்றுதான் இருக்கும் என்பதால், தமிழில் அதை இன்னும் எளிதாக்குகிறேன் என்று உரித்து வைத்தேன். "x பக்கத்துல இருக்கிற எண்ணைப் பாதியாக்குங்க, மைனஸ் போடுங்க. அவ்வளவுதான்." பாதியாக்கு, மைனஸ் போடு. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவு சின்னது. பயிற்சிக்குப் பதினொரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஜெசிந்தா பதினொன்றையும் அன்றைக்கே முடித்து நீட்டினார்.

"இவ்ளோதானா டீச்சர்? இதுக்கா நான் இருவது வருசமா பயந்துகினு கெடந்தேன்?"

கவிழ்ந்த சட்டி

ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு மார்க். மூன்று குறைவு. ரிசல்ட் வந்த சனிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதும், ஹால் டிக்கெட் ஜெராக்ஸின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். கேட்டிருந்தது y = x² – 5x + 6. ஐந்தைப் பாதியாக்கி மைனஸ் போட்டிருக்கிறார். மைனஸ் இரண்டரை. அதை x-க்குப் போட்டால் y இருபத்து நாலே முக்கால். பக்கத்துப் புள்ளிகள் இருபது, பன்னிரண்டு. மறுபக்கம் கண்ணாடி. "முனை மேல, மத்ததெல்லாம் கீழ. சட்டி கவுந்துகினு நிக்குது டீச்சர். நிமுந்து நிக்கணும்னு எனக்குத் தெரியும். மூணு வாட்டி அழிச்சுட்டு மூணு வாட்டியும் அதே போட்டேன். ஜாமெட்ரில பாதி போடும்போது பெல் அடிச்சுட்டாங்க."

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அங்கே ஏற்கெனவே ஒரு மைனஸ் இருந்தது. மைனஸ் போடக் கூடாது, குறியை மாற்ற வேண்டும். பிளஸ் என்றால் மைனஸ், மைனஸ் என்றால் பிளஸ். முனை இருந்தது பிளஸ் இரண்டரையில். பையில் இருந்த என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் கொடுத்த பதினொரு கணக்கிலும் x-க்கு முன்னால் பிளஸ்தான். ஒன்றில்கூட மைனஸ் இல்லை. ஒன்பது புள்ளி அட்டவணை போட்டிருந்தால் இந்தத் தப்பு வருவதற்கே வழியில்லை. வந்தாலும் ஒரு புள்ளியோடு போயிருக்கும். கண்ணாடி வைத்தது நான். ஒரு தப்பு அதில் இரண்டாகத் தெரிந்தது.

இதைத்தான் நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, "பரீட்சைல குறியைக் கவனிக்கணுங்க ஜெசிந்தா" என்றேன். படியில் மற்றவர்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க டீச்சர், எங் கவனக்கொறவுதான்."

பேச்சைக் கேட்காதவர்

யூசுஃபுக்கு நாற்பத்தொரு மார்க். கிராஃபுக்கு முழுசாக வாங்கியிருப்பேன் என்று அவருக்கு நம்பிக்கை. ஒன்பது புள்ளி அட்டவணையைத்தான் போட்டாராம். ஸ்கேலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாராம், கையில் இருந்தால் சபலம் வரும் என்று. பாய் கடையிலிருந்து ஒரு பெரிய டப்பா பிரியாணி வாங்கி வந்து குணசேகர் சாரிடம் கொடுத்தார். பாஸ்போர்ட் மாறியதும் கிளம்பிவிடுவாராம். மஸ்கட்டில் எந்த ஏரியாவில் வாடகை குறைவு என்று அன்றைக்குத்தான் என்னிடம் முதல் தடவையாகக் கேட்டார். சொன்னேன்.

முனை பாடம் உதவியதா என்று கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம், நீங்க சொன்னதை நான் கேக்கவேயில்ல, அதான் பாஸாயிட்டேன்."

வேலி ஓரம்

துணைத்தேர்வு வந்தது. ஜெசிந்தா குணசேகர் சாரின் வகுப்பில் உட்கார்ந்து படித்து எழுதினார், நான் உட்காரச் சொன்னேன். ஐம்பத்து மூன்று மார்க் வாங்கினார். அதற்குள் அமைப்பாளர் வேலைக்கு மனு வாங்கி முடித்து ஆளும் போட்டுவிட்டார்கள். வந்தது இருபத்தாறு வயதுப் பெண், பக்கத்து ஊர். இப்போது ஜெசிந்தா அரிசி அளந்து போட்டால் அதை நோட்டில் எழுதிக் கையெழுத்து வைப்பது அந்தப் பெண். அடுத்த காலியிடம் எப்போது வந்தாலும் ஜெசிந்தாவுக்கு அது இல்லை. நாற்பது முடிந்துவிட்டது.

ஒரு வாரநாளில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கெடாருக்குப் போனேன். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த நேரம். ஜெசிந்தா பெரிய சட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு, வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வேகவைத்திருந்ததை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். வேலி ஓரம் உட்கார்ந்தோம். ஆறுக்குப் பன்னிரண்டு. கீரை நன்றாக வந்திருந்தது. பஸ்ஸில் பல விதமாகக் கோத்து வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டு, "அந்த மைனஸ் உங்களோடது இல்லைங்க. நான் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன். அன்னிக்கே தெரியும் எனக்கு. சொல்லலை" என்றேன்.

அவர் மல்லாட்டையை உடைத்துக்கொண்டே இருந்தார். அழுவார் என்றோ திட்டுவார் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. உரித்த பருப்பை என் பக்கம் தள்ளினார்.

"எனக்குப் பரீட்சை ஆலுலயே தெரியும் டீச்சர். ரெண்டு போட்டாலும் சைபரு, மூணு போட்டாலும் சைபரு, நடுவுல ரெண்டரைன்னு பென்சில்ல மொதல்ல அதைத்தான் வெச்சேன். அப்புறம், டீச்சர் மைனஸ் போடச் சொன்னாங்களே, அவங்க எவ்ளோ படிச்சவங்க, நமக்கு இன்னா தெரியும்னு நானே அழிச்சுட்டேன்."

எந்த இடத்தில் மைனஸ் போடக் கூடாது என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரியும். ஜெசிந்தாவின் வயதில் ஒரு மைனஸ் போட வழியுண்டா என்பது மட்டும் நான் படித்த இரண்டு மொழியிலும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.